கசியும் குருதியும் உறையும் குருதியும்

அண்மையில் தம்பலகாமத்திலே ஞாயிறு பூசை முடிந்தபின், ஒரு தாய் தனியாகக் காத்துநின்று என்னிடம் கேட்டார்:

"சுவாமி, மார்பிலே ஒரு கட்டி இருக்கு. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேணும் எண்டு டொக்டர் சொல்லுறார். நான் இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிக்கிறனான். குத்தினால் இரத்தம் நிக்காது எண்டு வீட்டில பயப்பிடுறாங்க. குளிசையை நிப்பாட்டிப்போட்டுப் போகட்டோ? இல்லை, ஊசியையே விட்டிடட்டோ? எது பாவமில்லை?"

"செபியுங்கள் அம்மா, டொக்டர் சொல்வதைக் கேளுங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மறுமொழி என்னை உறுத்திற்று. அது மறுமொழியன்று, கேள்வியிலிருந்து நான் தப்பிக்கொண்ட வழி. ஆகவே வாசகர்களோடு சேர்ந்து அதனை இங்கு ஆராய விரும்புகின்றேன்.

முதலில் விடயத்தை அறிவோம். வாதக் காய்ச்சலினால் இருதய வால்வு பழுதடைந்து செயற்கை வால்வு பொருத்தப்பெற்றோரும், இருதயத் துடிப்பு ஒழுங்கற்றோரும் வாபரின் என்னும் குளிசையை உட்கொள்கின்றனர். இதன் வரலாறு விந்தையானது. 1933இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், கெட்டுப்போன தீவனத்தைத் தின்று குருதி கசிந்து இறந்த தம் பசுவின் உறையாத இரத்தத்தைப் பேராசிரியர் கார்ல் லிங்கிடம் கொண்டுவந்தார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக வாபரின் 1948இல் எலிப்பாஷாணமாகவும், 1954இல் மனிதருக்கு மருந்தாகவும் வெளிவந்தது. நஞ்சும் மருந்தும் ஒன்றே. அவற்றைப் பிரிப்பது அளவு. அந்த அளவைக் காட்டுவது ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை. சாதாரண மனிதருக்கு அது 1 அளவில் இருக்கும். இக்குளிசை எடுப்போர் பலருக்கு 2க்கும் 3க்கும் இடையே வைத்திருப்பர். சில செயற்கை வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

குளிசையை நிறுத்தினால் அதன் வலிமை ஏறக்குறைய ஐந்து நாட்களிற் குறைகின்றது. மீண்டும் தொடங்கினாலும் பயன் கிடைக்கப் பல நாட்கள் செல்லும். ஒரு நாட் பரிசோதனைக்காகப் பல நாட்கள் காவலின்றி இருக்க நேரிடுகின்றது. அந்நாட்களில் வால்விலே இரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்று, பாரிசவாதத்தை உண்டாக்கலாம்.

மறுபுறத்தில், மார்பகத்திலே விறைப்பூசி போட்டு, ஊசியினாற் சிறு துண்டுகள் எடுக்கும்போது வரும் இரத்தம், பெரும்பாலும் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க நின்றுவிடும். கண்டலும் வீக்கமும் கூடுதலாக ஏற்படலாம். அரிதாகப் பெரிய இரத்தக் கட்டும் வரலாம். ஐ.என்.ஆர். உரிய அளவில் இருந்தால், குளிசையை நிறுத்தாமலே இவ்வூசிப் பரிசோதனையைச் செய்யும் வைத்தியர்கள் உலகில் இன்று பலர். கட்டியை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சை வேறு. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அப்படியானால் மனிதர் ஏன் ஊசிக்கே அஞ்சுகின்றனர்? கந்தளாய்க் குளத்து நீரில் வேளாண்மை செய்வோருக்கு இது விளங்கும். வரம்பு உடைத்து நீர் பாய்ந்தால் ஊரே ஓடி வரும். வாய்க்கால் அடைபட்டுக் கடைவயல் காய்ந்தால், பயிர் கருகிய பின்பே காண்பர். கசியும் குருதி கண்ணுக்குத் தெரிகின்றது. உறையும் குருதி தெரிவதில்லை. ஊசியால் வந்த இரத்தத்துக்கு ஊசி பிடித்தவரைக் குறை கூறுவோம். ஒரு வாரத்தின் பின் வந்த பாரிசவாதத்தை விதி என்போம். எனவே நோயாளிக்கு மாத்திரமன்றி, வைத்தியருக்கும் இங்கே ஒரு சோதனை உண்டு. தம்மீது பழி வராத வழியையே நோயாளிக்குப் பாதுகாப்பான வழியென்று அவர் எண்ணிவிடக்கூடும். நிறுத்தச் சொல்வதும் ஒரு செயலே. அதன் விளைவுக்கும் பொறுப்பு உண்டு.

ஒரே செயலில் நன்மையும் தீமையும் விளையக்கூடும் என்பதைப் புனித தோமஸ் அக்குவினாஸ் ஆராய்ந்தார். அவர் வழிவந்த ஒழுக்கவியல் கூறுவது இதுவே: செயல் தன்னிலே நல்லதாக இருக்க வேண்டும், தீமையை நாம் நாடலாகாது, தீமை நன்மைக்கு வழியாகவும் அமையலாகாது, தகுந்த காரணமும் வேண்டும். கட்டியின் உண்மையை அறிவது நன்மை. கண்டலை எவரும் நாடுவதில்லை. கண்டலின் மூலம் உண்மை வருவதுமில்லை. புற்றுநோயாயின் காலத்தோடு அறிவதால் உயிர் காக்கப்படலாம். காரணம் போதுமானதே. ஆகவே அந்தத் தாய் ஊசிக்கு இணங்குவது பாவமன்று. அச்சத்தினால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும், எவருக்கும் சொல்லாமற் குளிசையை நிறுத்துவதும், குளிசை குடிப்பதையே மறைப்பதுமே விவேகத்துக்கு மாறானவை.

ஆனால் விவேகம் தனியே பிறப்பதில்லை. 1957 நவம்பர் 24இல் வைத்தியர்களிடம் உரையாற்றிய பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், நோயாளியிடமிருந்து தனித்து நிற்கும் உரிமை வைத்தியருக்கு இல்லையென்று தெளிவுபடுத்தினார். இணக்கம் தருபவர் நோயாளியே. கணவரோ மூத்த மகனோ அல்லர். விளங்காமல் இடும் கையொப்பம் இணக்கமாகாது. வைத்தியர் சிங்களமும் நோயாளி தமிழும் பேசும் எமது மாவட்டத்திலே, இரு ஆபத்துக்களையும் அவருடைய மொழியில் எடுத்துரைக்க ஒருவரைத் தேடுவதும் நீதியின் கடமை. ஊசி போடுபவரும் இருதய வைத்தியரும் கலந்து பேசுவதும் அவ்வாறே.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயைத் தேடிச் சென்று இதனைச் சொன்னேன். குளிசைப் பெட்டியையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, மகளுடன் திருகோணமலைக்குச் சென்றார். வைத்தியர்கள் பேசித் தீர்மானித்து, குளிசையை நிறுத்தாமலே ஊசி போட்டனர். கண்டல் மறையச் சில நாட்கள் எடுத்தது. முடிவு என்னவென்பது அவரது சொந்த விடயம். ஒருவேளை இரத்தம் கூடுதலாக வந்திருந்தாலும், அத்தீர்மானம் பிழையாகியிராது. உண்மையை அறிந்து, மனச்சாட்சியோடு எடுத்த தீர்மானத்தை விளைவைக் கொண்டு மாத்திரம் அளக்க முடியாது.

மார்பகநோய் உற்றோரின் பாதுகாவலியான புனித ஆகத்தம்மாளின் திருநாள் பெப்ரவரி 5. அன்று அவர்களுக்காகச் செபிப்போம். செபித்தபின், அவர்களோடு வைத்தியசாலை வரை கூடச் செல்வோம்.