பிள்ளைப் பருவம் யாருக்குச் சொந்தம்?

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஆறாந் தரத்து மாணவருக்கு நாம் ஒரு சிறு வேலை கொடுத்தோம். பாடசாலை வாசலில் நிற்கும் வேம்பைப் பார்த்துவிட்டு வந்து, கண்டதை எழுதுங்கள் என்றோம். புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி வந்த சிறுவன் ஒருவன், கொப்பியைத் திறந்து வைத்தபடியே இருந்தான். மணி அடிக்கும்வரை ஒரு சொல்லும் எழுதவில்லை. அருகிற் சென்று காரணம் கேட்டோம். "விடையைச் சொல்லுங்கோ சேர், பாடமாக்கி எழுதிறன்" என்றான்.

அவன் மந்தபுத்தி உடையவன் அல்லன். கேட்ட வினாவுக்கு உரிய விடையைக் கணத்திற் தரும் ஆற்றல் உடையவன். ஆயின், தன் கண்ணாற் கண்டதைத் தன் சொல்லாற் கூறலாம் என்ற நம்பிக்கை அவனிடம் இல்லை. பத்து வயதுக்குள் அதனை அவனிடமிருந்து யாரோ பறித்துவிட்டனர். அந்த 'யாரோ' வேறெவரும் அல்லர். பெற்றாரும் ஆசிரியரும் அரசுமாகிய நாமே.

இங்கு ஓர் அடிப்படை வினா எழுகின்றது. பிள்ளைப் பருவம் என்பது வாழ்க்கைக்கான ஆயத்தமா, அல்லது வாழ்க்கையேதானா? ஆயத்தம் மட்டுமே என்றால், நாளைய இலாபத்துக்காக இன்றைய நாளைச் செலவிடுவது நியாயமாகும். வாழ்க்கைதான் என்றால், அந்த நாளைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

தமிழ்ப் புலவர்கள் இவ்வினாவை அறியாதவர் அல்லர். பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்றும் சிற்றில் சிதைத்தலும், சிறுபறை முழக்கலும், சிறுதேர் உருட்டலுமாகும். ஆனால் அப்பேறு தெய்வத்துக்கும் தலைவனுக்குமே பாடப்பட்டது. சாதாரணக் குடியானவன் பிள்ளைக்குத் திண்ணைப் பள்ளியின் பிரம்பே கிடைத்தது. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளை அத்திண்ணையிலும் ஏற முடியவில்லை. பிள்ளைமை நம்மிடையே போற்றப்பட்டது உண்மை. பங்கிடப்படவில்லை என்பதும் உண்மை.

மேலை நாட்டிலும் இந்த வரலாறு போராட்டமின்றி நடந்ததன்று. விளையாட்டே குழந்தையின் கல்வி எனக் கண்ட ஜேர்மானியர் புறோபெல், 1840 ஆம் ஆண்டில் தமது பள்ளிக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பெயரிட்டார். 1851 இல் பிரஷ்ய அரசு அத்தகைய பள்ளிகளைத் தடைசெய்தது. 1860 வரை அத்தடை நீடித்தது. மரக்கட்டைகளையும் பந்தையும் வைத்து விளையாடும் பிள்ளைகளைக் கண்டு ஓர் அரசு ஏன் அஞ்ச வேண்டும்? தானாகச் சிந்திக்கப் பழகிய பிள்ளை வளர்ந்தபின் தலையாட்டாது என்பதை ஆளுவோர் அறிந்திருந்தனர்.

மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907 இல் தமது முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது உரோமாபுரியின் சன் லொறென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளில் அலைந்து திரிந்த பிள்ளைகளே அவருடைய முதல் மாணவர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி அறிந்தும், மணிகளைக் கோத்து எண்ணியும், தம் வேலையைத் தாமே தெரிந்தெடுத்தும் அவர்கள் கற்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் சென்னை அடையாற்றில் தங்கிப் பயிற்சி அளித்தார். 1944 இல் இலங்கைக்கும் வந்தார். இன்று அவருடைய பெயரைத் தாங்கிய பலகைகள் நமது பட்டினங்களின் வீதிதோறும் தொங்குகின்றன. பெரும்பாலான இடங்களில் உள்ளே நடப்பது என்ன? பென்சிலைச் சரியாகப் பிடிக்க விரல் வளையாத மூன்று வயதுப் பிள்ளை, கொப்பி நிறைய ஆங்கில எழுத்துக்களை எழுதிக்கொண்டிருக்கின்றது. ஏழைக்காகப் பிறந்த முறையின் பெயர், பணமுள்ளோரின் அந்தஸ்துச் சின்னமாகிவிட்டது.

அரசினர் பள்ளிகளுக்கு வருவோம். கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி இந்நாட்டுக்குக் கிடைத்தது. கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய பாடசாலைக்குச் சென்று கற்பதற்கென்றே புலமைப்பரிசில் ஏற்பட்டது. நோக்கம் உயர்ந்தது, அதை மறுப்போர் வரலாற்றை மறுப்போரே. ஆயின் இன்று, ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் ஆண்டுதோறும் பத்து வயதில் அத்தராசில் ஏற்றப்படுகின்றனர். 1997 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம், முதலாம் இரண்டாம் தரங்களில் வழிகாட்டப்பட்ட விளையாட்டும் செயற்பாடுமே முதன்மை பெற வேண்டும் என வகுத்தது. ஏட்டில் அது நல்ல திட்டம். நடைமுறையிலோ மூன்றாந் தரத்திலேயே மாலை வகுப்பு தொடங்கிவிடுகின்றது. ஐந்தாந் தரத்தை எண்ணி மற்றைய தரங்கள் நடுங்குகின்றன.

இவ்வாறு நாம் பேசியபோது, கூலிவேலை செய்யும் தாய் ஒருவர் எம்மை மறித்தார். "விளையாட்டு வீட்டிலையும் விளையாடும் சேர். உங்கடை பிள்ளையள் தோத்தாலும் உங்களிட்டைச் சம்பளம் இருக்கு. என்ரை பிள்ளைக்கு இந்தச் சோதினையை விட்டால் என்ன இருக்கு?" என்றார்.

இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மாதச் சம்பளம் பெறும் நாம், கூழுக்கு உழைப்பவரிடம் பிள்ளையின் சுதந்திரத்தைப் பற்றி உபதேசிப்பது அறமாகாது. ஏணி ஒன்றே இருக்கும்போது அதிற் பிள்ளையை ஏற்றும் தாயைப் பழிப்பது எப்படி? பழி, ஏணியை இவ்வளவு ஒடுக்கமாகச் செய்தவர்க்கே உரியது. எல்லாப் பாடசாலையும் நல்ல பாடசாலையாக இருந்தால், நல்ல பாடசாலை தேடிப் பத்து வயதுப் பிள்ளை போரிட வேண்டியதில்லை. ஆகவே பிள்ளையை மையமாகக் கொண்ட கல்வியும் சமத்துவமும் இரு வேறு கோரிக்கைகள் அல்ல. ஒன்றை விட்டு மற்றதைக் கேட்பவர், தம் பிள்ளைக்கு மட்டும் தோட்டம் கேட்பவராவர்.

அத்தாயின் வாதத்தில் ஒரு பிழையும் உண்டு. அது அவர் செய்த பிழையன்று, நாம் கற்பித்த பிழை. விளையாட்டு வேறு, கல்வி வேறு என்பதே அது. புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணும் பிள்ளை, பத்தின் அடுக்கைக் கையாலேயே அறிகின்றது. பயற்றம் விதையை ஈரத்துணியில் இட்டு முளை வரும் நாளைக் குறிக்கும் பிள்ளை, விஞ்ஞானத்தைத் தொடங்கிவிட்டது. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்க நேரமுள்ள ஆசிரியர் வேண்டும். வகுப்பிற் பிள்ளைகளின் தொகை அளவாக இருக்க வேண்டும். பிள்ளை விரும்பியபடி விட்டுவிடுதலும் இதன் பொருளன்று. எப்போது உதவுவது, எப்போது விலகி நிற்பது என்று அறிவது, பிரம்பெடுப்பதிலும் கடினமான ஒழுக்கம். அவ்வொழுக்கத்தை வேண்டி நிற்கும் நாம், பாலர் பாடசாலை ஆசிரியைக்குக் கொடுப்பதோ சொற்ப ஊதியம்.

இனி, தொடங்கிய வினாவுக்கு வருவோம். போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், பிள்ளைக்கு இன்றைய நாளின்மீது உரிமை உண்டு என வாதிட்டவர். நாஜிகள் அடைத்து வைத்த வார்சோச் சேரியில் யூத அநாதைப் பிள்ளைகளைக் காத்து வந்தார். 1942 யூலையில் அப்பிள்ளைகள் தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகத்தை நடித்தனர். அடுத்த மாதம் அவர்களும் அவரும் திரெப்ளிங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். நாளைக்காகவே இன்று என்றால், அந்த நாடகம் வீண். ஒத்திகை பார்த்த நாட்களும் வீண். அப்படிச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

தொலைதேசக் கதை என இதனைத் தள்ளவும் நமக்கு வழியில்லை. 2004 இன் கடற்கோளிலும், 2009 இல் முடிந்த போரிலும் நாளையைக் காணாத பிள்ளைகள் நம்மிடையே இருந்தனர். மரத்தடி வகுப்பில் ஒருநாள் பாடிய பாட்டும் மணலிற் கட்டிய வீடும் அவர்களின் முழு வாழ்க்கையின் பகுதிகள். எதற்கும் ஆயத்தம் அல்ல. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு மட்டும் அந்நாளை மறுப்பது எந்த நியாயத்தால்?

பிள்ளைப் பருவம் பெற்றாரின் முதலீடன்று, பாடசாலையின் விளம்பரமன்று, அரசின் புள்ளிவிவரமுமன்று. அது பிள்ளைக்கே சொந்தம். பத்து வயதில் தரம் பிரிக்கும் தராசு அகல வேண்டும். அதற்கு முன்னதாகவே அயற் பாடசாலை ஒவ்வொன்றும் உயர வேண்டும். பாலர் கல்வியையும் அதன் ஆசிரியைகளின் ஊதியத்தையும் அரசு தன் கடமையாக ஏற்க வேண்டும். இவற்றுக்காகக் குரல் எழுப்புவது ஆசிரிய சங்கங்களின் பொறுப்பு.

அதுவரை நாம் வாளாவிருக்க முடியாது. வேம்பைப் பற்றிய விடையை அச்சிறுவனுக்கு நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுநாளும் அவனை மரத்தடிக்கு அனுப்பினோம். "வேப்பம்பழத்தைக் காகம் தின்னும்" என்ற ஒரே வசனத்தை எழுதிவிட்டு, "இது சரியோ சேர்?" என்று கேட்டான். "நீ கண்டாயோ?" என்றோம். "கண்டனான்" என்றான். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் நாம் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கின்றது.