நந்தவனத்தில் வளர்ந்த கலை

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிப் பெருமாளுக்குப் பூமாலை கட்டிச் சாத்துவதையே கைங்கரியமாக, அதாவது பயன் கருதாத இறைத்தொண்டாகக் கொண்டிருந்த பெரியாழ்வார், ஆடிப்பூரத்தன்று துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த குழந்தையான ஆண்டாளைத் தம் மகளாக வளர்த்தார் என்பது வைணவ மரபு. மாலை கட்டும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு எந்தப் பூ எப்போது மலரும், எது நாரில் நிற்கும், எது காம்பிலேயே முறியும் என்பன எழுத்தறிவதற்கு முன்பே கைவந்துவிடும். ஆண்டாளின் பாசுரங்களில் பூக்கள் உறவினரைப் போல உரிமையோடு வருவதற்கு இவ்வளர்ப்பே காரணம் எனலாம்.

பெரியாழ்வார் யசோதையின் நிலையில் நின்று பாடிய பூச்சூட்டல் பதிகம், செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, இருவாட்சி எனப் பூக்களை மாற்றி மாற்றிச் சொல்லிக் கண்ணனைச் சூட்டிக்கொள்ள அழைக்கிறது. மகளோ, நாச்சியார் திருமொழியில், பிரிவாற்றாமையால் கோடலையும் தோன்றியையும் முல்லையையும் முன்னிறுத்தி வழக்காடுகிறார். தந்தைக்குக் கொஞ்சுதற்குக் கருவியான பூ மகளுக்குச் சுடுபொருளாகிறது.

பெருமாளுக்குரிய பூவை முகர்தலும் ஆகாது என்பது விதி. அதனை மீறி ஆண்டாள் சூடிய மாலையையே பெருமாள் விரும்பி ஏற்றார் என்னும் வரலாறு பலரும் அறிந்ததாதலின் விரிக்க வேண்டுவதில்லை. ஆயினும், அவர் மாலையைச் சூடித் தம் நிழலைக் கிணற்று நீரில் பார்த்தார் என்ற செய்தி கலைநோக்கில் எண்ணத்தக்கது. தொடுத்த மாலையின் அழகு பூக்குடலையில் கிடக்கும்போது தெரிவதில்லை, தோளில் விழும்போதே தெரிகிறது. அக்கிணறு கண்ணாடிக் கிணறு என்ற பெயரில் கோயிலில் இன்றும் காட்டப்படுகிறது.

அக்கோயிலில் ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி, நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. மரவள்ளி இலைகளை அடுக்கி உடலாக்கி, மாதுளம்பூவை அலகாக்கி, காக்காப்பொன்னைக் கண்ணாகப் பதித்து, வாழைநாரால் கட்டி முடிக்கும் இவ்வேலை, குடும்பத்துப் பெரியவர்களின் கையைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்ளப்படுவது. மறுநாளே வாடும் ஒன்றுக்கு இத்துணை நுட்பம் எதற்கு என வினவுவோர், கைங்கரியத்தின் இயல்பை அறியாதவரே ஆவர்.

ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, இன்றும் திருமலைப் பிரம்மோற்சவத்தின் 5ஆம் நாளுக்காக வேங்கடவனுக்கும், சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொண்டுசெல்லப்படுகிறது.