சுடாதவர்கள்

'தி லாஸ்ட் ஹண்ட்' (1956) படத்தில் இரண்டு காட்டெருமை வேட்டைக்காரர்கள். ஒருவனுக்குக் கொல்வது போதை. இன்னொருவனுக்கு அது வெறுத்துவிட்டது. வெறுத்தவனைத்தான் நமக்குப் பிடிக்கும்.

மலாயாவிலும் அப்படி ஒருவர் இருந்தார், தியோடர் ஹப்பேக். பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலுள்ள பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக்கின் சகோதரர். யானையையும், இங்குள்ள காட்டெருமையான செலாடாங்கையும் வேட்டையாடி, 1905இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். பிறகு விலங்குகளுக்காக வாதாடி, இன்றைய தாமான் நெகாரா உருவாகக் காரணமானார்.

மனம் மாற அவருக்கு ஒரு வசதி இருந்தது: தான் கொன்றதைக் கண்ணால் பார்த்தார். ஆனா, கிள்ளான் பக்கத்துக் காடு துப்பாக்கியால் போகவில்லை. பால்மரத் தோட்டமாகி, செம்பனையாகி, வீடமைப்புப் பகுதியாகிப் போனது. காடு வெட்டியவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. வயிற்றுக்காக வெட்டிய கூலியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. இன்று அதே மண்ணுக்கு வடிகால் வரைகிற என்னைப் போன்ற இஞ்சினியரை? கணினித் திரையில் கோடுகள்தான் தெரிகின்றன. எந்த விலங்கும் விழுவதில்லை. அதனால் மனசு உறுத்துவதும் இல்லை.

உறுத்தவில்லை என்பதாலேயே பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. சுட்டவனுக்குச் செத்த விலங்கு கண்முன் கிடந்தது. நாம்தான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும், கோடு போடுவதற்கு முன்பே.