தையலைப் பிரி, தம்பி!

கண்ணாடி இறங்கும் அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். வெளியே அனல் அடிக்கிறது. உள்ளே ஏ.சி. ஓடுகிறது. பின்சீட்டில் ஏறிய அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையை மெல்ல மூக்கோரம் கொண்டுபோனார். அப்புறம் கண்ணாடி இறங்கியது. நீ மேல்கண்ணாடியில் பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல ரோட்டைப் பார்த்தாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்ததல்லவா? எனக்கும் இருந்தது.

அன்று ராத்திரி என்ன செய்தாய்? கார் சாமான் கடையில் ஒரு சென்ட் பாட்டில் வாங்கி டேஷ்போர்டில் ஒட்டினாய். மல்லிகை. மறுநாள் மத்தியானம் மல்லிகையும் சீட்டில் கொட்டிப் புளித்த பாலும் ஒன்றாகக் கலந்து மூன்றாவதாக ஒரு வாடை கிளம்பியது. கவுச்சி, சிக்கு, மொச்சை, முடை என்று வாடைக்கு வாடை பேர் வைத்த தமிழில்கூட அதற்கு ஒரு பேர் கிடையாது.

தம்பி, அந்த பாட்டிலைப் பிடுங்கி வெளியே வை. இப்போதே. அது இருக்கிறவரை நீ சண்டைக்கே போகமாட்டாய். 'என்னால் இதை எடுக்க முடியாது, மூடித்தான் வைக்க முடியும்' என்று ஒப்புக்கொண்டு, அதை அலங்காரமாகவும் மாட்டி வைத்திருக்கிறாய். உன் கையில் ஒரு வாளித் தண்ணீரும், ஒரு பிளேடும், நாளைக் காலை வெயிலும் இருக்கும்போது எதற்கு இந்தச் சரணாகதி?

நான் சரணடைந்து பார்த்தவன். அதனால்தான் சத்தமாகச் சொல்கிறேன்.

மதுரையில் அப்போது நான் அம்பாசிடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் அந்த வண்டியின் தயாரிப்பே நின்றது. நான் சொல்வது அதற்குப் பல வருஷம் முந்தி. வைகாசி விசாகம். ஒரு குடும்பம் திருப்பரங்குன்றத்துக்குப் பால்குடம் எடுக்கப் போனது. மடியில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளி நிறையப் பால். பசுமலைப் பக்கம் ஒரு வேகத்தடை. நான் பிரேக்கைத் தாமதமாக அழுத்தினேன். தப்பு என்னுடையதுதான். தூக்குவாளி கவிழ்ந்தது. 'முருகன் இங்கேயே அபிஷேகம் கேட்டுட்டாரு' என்று பெரியவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, துணியால் நாலு இழுப்பு இழுத்தேன். ரெக்சின் பளபளவென்று ஆகிவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கதவைத் திறந்தால், வீச்சம். பத்தாம் நாள் ஸ்டாண்டில் என் வண்டிக்குப் 'பால் பூத்' என்று பேர். சோப்புத் தண்ணீர் போட்டேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். ஊதுபத்தி கொளுத்தினேன். ஒரு மாதம் கழித்து வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, விற்கும் முன் கிழிந்த ஓரத்தை மட்டும் தைக்கக் குஷன் கடைக்குப் போனேன். கடைக்கார பாய்க்கு அறுபது வயதிருக்கும்.

"வண்டிய வித்துரலாம்னு இருக்கேன் பாய்."

"வித்துட்டு? அடுத்த வண்டியில யாரும் பால் கொட்ட மாட்டாங்களா?"

நான் பேசவில்லை. அவர் பின்சீட்டைத் தூக்கி வெளியே போட்டு, கவிழ்த்து, ஒரு பிளேடை என் கையில் கொடுத்தார். "தையலப் பிரி. நான் பிரிக்க மாட்டேன், நீ பிரி."

தன்னம்பிக்கை வகுப்புகளுக்கு நானும் பின்னாளில் போயிருக்கிறேன். கண்ணாடி முன் நின்று 'நான் சிங்கம், நான் சிங்கம்' என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பூனையாகிவிட்டேன். பாய் என்னைச் சிங்கம் என்று சொல்லவில்லை. பிளேடு கொடுத்தார்.

பிரித்தேன். ஒரு சாண் தையலில் எத்தனை ஊசித்துளை என்று எண்ணிப் பார், முப்பதுக்குக் குறையாது. அத்தனையும் வாசல். ரெக்சினுக்குள் பால் போகவில்லை, அது பிளாஸ்டிக், போகாது. துளை வழியாக அடியிலிருக்கும் ஸ்பாஞ்சுக்குப் போயிருந்தது. அங்கே மஞ்சள் பூத்து, விளிம்பில் பழுப்பேறி, அழுத்தினால் பிசுபிசுவென்று ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. ஒரு மாதமாக மேலே தேய்த்த எலுமிச்சம்பழத்தில் ஒரு சொட்டுகூட அதைத் தொடவில்லை. நான் எதிரி இல்லாத இடத்தில் ஒரு மாதம் வாள் சுழற்றியிருக்கிறேன்!

உன் சீட்டும் அப்படித்தான். எதிரி யார் என்று முதலில் தெரிந்துகொள். தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

நாம் 'ரெக்சின்' என்கிறோம். அது இங்கிலாந்தில் செயற்கைத் தோலுக்கு ஒரு கம்பெனி வைத்த பெயர், நம்மூரில் பொதுப்பெயராகிவிட்டது. இன்றைய சீட்டில் இருப்பது துணிமேல் பூசிய பி.வி.சி. வீட்டில் மோட்டாருக்குப் போட்டிருக்கிறாயே விறைப்பான குழாய், அதே பி.வி.சி.தான். அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்த்தால் தோல்போல வளையும். 1926-ல் அமெரிக்காவில் வால்டோ சீமன் என்பவர் கண்ட வழி இது. அந்த நெகிழ்வுப் பொருள்தான் சீட்டின் உயிர். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் போட்டுத் துடைத்தாயானால் அழுக்கோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிடும். பிறகு சீட் விறைத்து, வெடித்து, வெடிப்பு ஒவ்வொன்றும் புது வாசலாகும். ஆத்திரத்தில் பெட்ரோல் துணியைத் தூக்குகிற கையை நீயே பிடித்துக்கொள்.

பால் ஏன் நாறுகிறது? பாலிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிரிகள் தின்று புளிப்பாக்குகின்றன. அதுவரை வெறும் தயிர் வாடை. அடுத்து கொழுப்பு உடைந்து பியூட்ரிக் அமிலம் வருகிறது. சிக்கடித்த வெண்ணெயிலும் குழந்தை எடுத்த வாந்தியிலும் வீசுவது அதேதான். வெயில் ஏற ஏற அது ஆவியாகிறது. பூட்டி வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். காலையில் 'பரவாயில்லையே' என்றிருந்த வண்டி மத்தியானம் மானத்தை வாங்குவது இதனால்தான்.

அமிலம் என்று தெரிந்துவிட்டதா? அப்படியானால் ஆயுதம் உன் சமையலறையிலேயே இருக்கிறது. ஆப்ப சோடா. அமிலத்தோடு சேர்ந்து அதை உப்பாக்கிவிடும். உப்பு ஆவியாகாது; ஆவியாகாதது மூக்குக்கு வராது. ஆனால் ரெக்சின்மேல் சோடாவைத் தூவிவிட்டுக் காத்திருக்கிறார்களே, அவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. வாடை பிளாஸ்டிக்குக்குக் கீழே, மருந்து பிளாஸ்டிக்குக்கு மேலே! உறையைக் கழற்று. குளிர்ந்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஸ்பாஞ்சைப் பிழி. தண்ணீர் தெளியும்வரை பிழி. கை வலிக்கும், பிழி! கொதிநீர் ஊற்றாதே, பாலின் சில புரதங்கள் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிழிந்த ஈரம் இருக்கும்போதே சோடாவைத் தாராளமாகத் தூவி ஒரு ராத்திரி விடு. ஈரமில்லாத சோடா சோம்பேறி. காலையில் அலசி, வெயிலில் போடு. ஸ்பாஞ்சு வெயிலில் காயட்டும், ரெக்சின் உறை நிழலில் காயட்டும்.

பாயின் கடை வாசலில் நான் பிழிந்த முதல் தண்ணீர் கஞ்சி மாதிரி வந்தது. ஐந்தாவது வாளியில்தான் என் விரல் தெரிந்தது. அந்த ஐந்தாவது வாளியைப் பார்த்தபோது வந்த தெம்பு, தம்பி, எந்த மேடையிலும் எனக்கு வந்ததில்லை.

பிரிக்க முடியாத சீட் என்றால்? தையல் ஓரமாகப் பழைய பல் பிரஷால் சோப்பு நுரையை மட்டும் தேய். தண்ணீரை ஊற்றாதே, ஊற்றினால் அத்தனையும் உள்ளே இறங்கி அடுத்த வாடைக்கு நாற்று நட்டதாகிவிடும். நாய்க்குட்டி சாமான் விற்கும் கடையில் மூத்திர வாடைக்கென்று என்சைம் திரவம் கிடைக்கும். பால், வாந்தி, குழந்தை மூத்திரம் எல்லாவற்றுக்கும் அதுதான் சரியான ஆள். புரதத்தையும் கொழுப்பையும் வெட்டிப் போடும். அதை அடித்தவுடனே துடைக்காதே, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை ஈரமாகவே விடு. முன்சீட்டைக் கழற்றுகிறாய் என்றால் அடியில் மஞ்சள் வயர் இருக்கிறதா பார். அது ஏர்பேக் வயர். அதில் வீரம் காட்டாமல் தெரிந்த மெக்கானிக்கிடம் போ.

மீன் ஏற்றிய வண்டியா? அப்போது சோடாவுக்கு வேலையில்லை. மீன் கவுச்சி அமிலத்துக்கு நேர் எதிர்க்கட்சி, கார வகை. உன் அம்மா மீன் கழுவும்போது புளியைக் கரைத்து ஊற்றுகிறாரே, ஏன் என்று என்றாவது கேட்டிருக்கிறாயா? புளிப்பு அந்தக் கார வாடையைக் கட்டிப்போடும். காருக்குப் புளி வேண்டாம், கறை பிடிக்கும். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துத் துடை. சிகரெட் படலத்துக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அங்கே கூரைத் துணியையும் கண்ணாடியையும் சேர்த்துத் துடைக்கவேண்டும். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டுகிறவர்கள் உண்டு. நுரை பார்க்க அழகாகத்தான் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்று உப்புத்தண்ணீர்தான் மிஞ்சும். பிளீச்சிங் பக்கம் போகவே போகாதே. தையல் நூலை இற்றுப்போகச் செய்யும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய காருக்குள் அது உயிருக்கே வினை.

எல்லாம் செய்தும் ஏ.சி. போட்டால் மட்டும் வாடை வருகிறதா? சீட் நிரபராதி. உள்ளே இருக்கும் காயிலில் பூஞ்சை, அல்லது கேபின் ஃபில்டர். அது வேறு சண்டை.

இனி உனக்குச் சுருக்கென்று தைக்கப்போகும் ஒன்றைச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் முகர்ந்து பார்த்து 'போச்சு' என்பாய். உன் மூக்கை நம்பாதே. வாசனையை மூக்கு எப்படிப் பிரித்தறிகிறது என்பதற்கு 1991-ல் வழி காட்டிய லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனித மூக்கில் வேலை செய்யும் வாசனை ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை. இவ்வளவு பெரிய படை இருந்தும், ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் அது ஓய்ந்துவிடும். உன் வண்டியில் நாள் முழுக்க இருப்பவன் நீ. உன் வண்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உலகத்திலேயே தகுதியில்லாத மூக்கு உன்னுடையது! நீ மோசமானவன் என்பதால் இல்லை, பழகிவிட்டாய். ஒரு மாதம் நாற்றத்தோடு என்னால் ஓட்ட முடிந்தது அப்படித்தான். 'நம்ம வண்டி இப்படித்தான்' என்று நீ சொல்வதும் அப்படித்தான்.

ஆகவே உன்மேல் பாசமில்லாத ஒருவரைக் கூப்பிடு. மத்தியானம் ஒரு மணி, கதவெல்லாம் பூட்டி இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டி. கதவைத் திறந்து அவரை முதலில் உட்காரச் சொல். நான் பாயைக் கூப்பிட்டேன். அவர் உட்கார்ந்தார். குனிந்து தையல் ஓரமாக முகர்ந்தார். "இன்னும் இருக்கு" என்றார்.

எனக்கு அழுகையே வந்தது. இரண்டு நாள் சவாரி இல்லை, விரல் நுனியெல்லாம் சோப்பில் வெளுத்துக் கிடந்தது. "ஸ்பாஞ்ச மாத்திருவோமா பாய்?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மாற்றவேண்டிய ஸ்பாஞ்சும் உண்டு. உள்ளே கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தால் பிழிந்து பலனில்லை, தூக்கிப் போட்டுப் புதிதாகத்தான் வெட்டிப் போடவேண்டும். எனக்கு அந்த நிலைமை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "இந்த மூலை மட்டும்தான். இன்னொரு வாட்டி பிரி."

இரண்டாம் தடவை பிரிக்கும்போது கை நடுங்கவில்லை. எந்தத் தையலில் பிளேடை விடவேண்டும் என்று விரலுக்கே தெரிந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் காரைக்குடிக்கு ஒரு சவாரி. பின்சீட்டில் ஒரு பாட்டி, கூடவே பேரன். மேலூர் தாண்டும்வரை நான் மேல்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியில் சென்ட் பாட்டில் இல்லை, ஊதுபத்தி இல்லை. அந்தக் காலக் கைப்பிடிக் கண்ணாடி. சுற்றினால் கிரீச் என்று கேட்கும். கேட்கவில்லை. திருப்பத்தூரில் டீ குடிக்க நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். பாட்டி, பால் கொட்டிய அதே மூலையில் கன்னத்தை ரெக்சின்மேல் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.