வெளியின் வளைவும் சிதாகாசமும்

வெளியும் காலமும் வளைவன என ஐன்ஸ்டீன் என்னும் அறிஞர் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையைக் கேட்ட அன்பர் சிலர், "வளையும் வெளி வேறொன்றனுள் அன்றோ வளைதல் வேண்டும்? அதுவே சிதாகாசம்" என எம்மிடம் உவகையோடு உரைப்பர். அவர்தம் அன்பு போற்றற்குரியதே. ஆயினும் அவ்வாதம் நில்லாது.

எமது வேதாரணியக் கடற்கரையில் நின்று நோக்குவார்க்கு, தொலைவிற் செல்லும் கலத்தின் அடி முன்னரும் உச்சி பின்னரும் மறையும். அதுகொண்டு நிலத்தின் வளைவைக் கருதலளவையான் உணர்கின்றோம்; நிலத்தின் புறத்தே நின்று கண்டிலோம். வெளியின் வளைவும் அவ்வாறே அறியப்படுவது. 1919-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, ஞாயிற்றின் அருகே வந்த விண்மீனொளி வளைந்தமை அளக்கப்பட்டது. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் கூடி இரண்டு செங்கோணத்தின் மிகினும் குறையினும் ஆண்டு வளைவுண்டெனக் கணிதநூலார் உள்ளிருந்தே துணிவர். அதற்குப் புறவெளி ஒன்று வேண்டப்படுவதன்று.

அன்றியும், அவ்வறிஞர் காலத்தையும் வெளியையும் பிரிவறப் பிணைத்தனர். நம் சித்தாந்த நூல்களோ காலத்தை வித்தியாதத்துவம் ஏழனுள்ளும், ஆகாயத்தைப் பூதம் ஐந்தனுள்ளும் வைத்தன. இவ்விரு கொள்கையும் ஒன்றே எனின் இரண்டிற்கும் இழுக்காம்.

அற்றேல், ஒப்புமை யாதும் இல்லையோ எனின், உண்டு. காலமும் வெளியும் மாறுபாடில்லாத முடிந்த பொருள்கள் அல்ல என்பது இருவர்க்கும் உடன்பாடாம். அவ்வளவில் அமைதலே நேர்மை. எங்கும் நிறைந்த முதல்வனை வெளிக்கு அப்பால் ஓரிடத்து வைத்தல் அவனை இடத்தால் எல்லைப்படுத்துவதாம். நாளை அளவை மாறின், அதன்மேற் கட்டிய நம்பிக்கையும் உடன்சாயும். மெய்ப்பொருளுக்குப் பொய்வாதம் ஊன்றுகோல் ஆகாது. நம் அன்பர் இதனைச் சிந்திப்பாராக.