குருவின் மனமும் பாடத்திட்டமும்

ஊட்டியில் பெர்ன்ஹில் நாராயண குருகுலத்தைப் பார்க்கிற யாருக்கும் அது ஒரு பல்கலைக்கழகத்தின் இருப்பிடம் என்று தோன்றாது. மூடுபனி, மரங்கள், சின்னக் கட்டடங்கள், புத்தகங்கள். ஆனாலும் நித்ய சைதன்ய யதி தலைமையில் இயங்கிய கிழக்கு–மேற்கு பிரம்மவித்யா பல்கலைக்கழகத்துக்கு இதுவும் ஒரு வீடு. அதன் பாடத்திட்டம் எது என்று கேட்டால், யதி அப்போது எதில் மூழ்கியிருந்தாரோ அதுதான் என்று சொல்லலாம். சென்னை விவேகானந்தா கல்லூரியில் பாடம் நடத்தியவர் அவர். உளவியல், உபநிடதம், சௌந்தர்யலஹரி, இசை, கவிதை என்று மனம் தாவிக்கொண்டே இருந்தது. 1970களில் அமெரிக்காவின் போர்ட்லண்டுக்குப் போனார். அங்கே நாராயண குருவின் ஆத்மோபதேச சதகத்தை எடுத்து நடத்தியது பின்னாளில் தடித்த நூலாயிற்று. குரு நகர்ந்தால் கல்லூரியும் நகரும்.

இது குறையா? நாராயண குருகுலத்தை 1923ல் தொடங்கிய நடராஜ குரு அப்படி நினைத்திருக்க மாட்டார். பாரிஸின் சார்போனில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளே, கல்வியில் ஆசிரியர் என்ற தனிமனிதருக்கு உள்ள இடம். ஆசிரியரின் ஆளுமையை வடிகட்டி எடுத்துவிட்டால் கல்வியில் மிஞ்சுவது சக்கைதான். நம் கல்லூரிகளில் பத்து வருடப் பழைய குறிப்பை மஞ்சள் தாளில் வைத்துப் படித்துக் காட்டும் பேராசிரியரை நினைத்தால் நடராஜ குருவின் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது.

ஆனால் இதையே பெரிதாக்கிப் பாருங்கள். மகரிஷி மகேஷ் யோகி 1971ல் தொடங்கிய பல்கலைக்கழகம், 1974ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஃபேர்ஃபீல்டு என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. படைப்பு நுண்ணறிவு அறிவியல் என்று ஆரம்பம். பிறகு ‘யோகப் பறத்தல்’ என்ற தியானப் பயிற்சி. அதற்காகப் பொன்னிறக் குவிமாடங்கள் எழுந்தன. பிறகு ஆயுர்வேதம். பிறகு வாஸ்து, வாசல் கிழக்கு பார்க்கவேண்டும் என்று பழைய கட்டடங்கள் பல இடிபட்டன. 1995ல் மேலாண்மைப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது; 2019ல் பழைய பெயரே திரும்பி வந்தது. அங்கே நல்ல ஆசிரியர்களும் இருந்தார்கள், வெளிநாட்டிலிருந்து மாணவர்கள் தேடி வரும் கணினிப் படிப்பும் வளர்ந்தது. ஆனாலும் மகரிஷிக்குப் புதிதாக ஒன்று பிடித்துப்போனால், மறுநாள் காலை நூறு பேருக்கு அது பிடித்துப்போயாக வேண்டும். சம்பளம் வாங்குகிற துறைத்தலைவர் “சுவாமி, போன வருடம் வேறு சொன்னீர்களே” என்று கேட்க முடியுமா? பட்டத்தை நம்பி மூன்று வருடத்தைக் கொடுத்த பிள்ளைதான் கேட்குமா?

பெர்ன்ஹில்லில் கேட்கலாம். தன் குருவான நடராஜ குருவோடு ஏற்பட்ட பிணக்குகளை யதி தன்வரலாற்றில் மறைக்கவில்லை. குரு சீறுவார், சீடன் முறுக்கிக்கொள்வான், கோபித்துக்கொண்டு கிளம்பியும் போவான். போகிறவனுக்கு இழக்கப் பட்டமில்லை, சம்பளமில்லை. அதனால் திரும்பி வந்தபோது அவன் வந்தது உண்மையாகவே வந்ததுதான்.

தாகூரும் இப்படித் தாவியவர்தானே என்று யோசித்தேன். அவர் மனமும் ஓரிடத்தில் நின்றதில்லை. 1901ல் சாந்திநிகேதனில் மரத்தடிப் பள்ளி, 1919ல் கலாபவனம், 1922ல் கிராமப்பணிக்கு ஸ்ரீநிகேதன், 1937ல் சீனபவனம். ஆனால் கலாபவனம் நந்தலால் போஸின் கைக்குப் போனது; ஸ்ரீநிகேதனுக்கு எல்ம்ஹர்ஸ்ட் வாய்த்தார்; சீனபவனத்துக்கு டான் யுன்-ஷான். கவிஞர் மறந்தேபோனாலும் நந்தலால் தூரிகையைக் கீழே வைத்திருக்க மாட்டார். குருவுக்கு வந்தது ஆசை. அது இன்னொருவரின் சொந்த ஆசையாகும் நாளில்தான் ஒரு துறை பிறக்கிறது. அதுவரை அது உத்தரவு. உத்தரவு போட்டவரின் கவனம் திரும்பியதும் அந்த அறையில் தூசி படியும்.

யதி 1999 மே 14 அன்று பெர்ன்ஹில்லில் மறைந்தார். பிரம்மவித்யா பல்கலைக்கழகம் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் கவிதைமேல் அவருக்கிருந்த பித்து தப்பித்துக்கொண்டது. அவரைக் குருவாகக் கொண்ட ஜெயமோகன், அவர் பெயரில் அதே குருகுலத்தில் கோடை தோறும் இலக்கிய முகாம் கூட்டினார். எந்தப் பாடத்திட்டத்திலும் அது இல்லை, யாரும் அவரை நியமிக்கவுமில்லை. ஒரு வருடம் நாஞ்சில் நாடன் கம்பனை எடுத்து வைத்துக்கொண்டு பாட்டுப் பாட்டாக நடத்தினார். ஊட்டிக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, மலைக்குக் கீழேயிருந்து வந்தவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தக் கூடத்துக்கு வெளியே கொஞ்ச தூரத்தில்தான் யதியின் சமாதி.