கேளாமல் தூக்கும் கைகள்

மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் சென்று திரும்பிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் காண, சென்ற மாதம் ஸ்ரீரங்கத்திற்குப் போயிருந்தோம். நம் பங்கைச் சேர்ந்தவர். சிறுவயதில் கண்ட இளம்பிள்ளைவாதத்தால் இரு கால்களும் செயலற்றுப் போக, சக்கர நாற்காலியில் அமர்ந்தே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவர். பயணம் எப்படி இருந்தது என்று வினவினோம்.

"எல்லாம் சுகந்தான் சாமி. ஓரிடத்தில் மட்டும் இரண்டு பிள்ளைகள் என்னைத் தூக்கிக்கொண்டு ஏணிப்படியில் ஏற்றினார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தோள்பட்டை பத்து நாள் வலித்தது" என்றார்.

அந்த இளைஞர்கள் செய்தது அன்புப் பணியா என்ற கேள்வி, காவிரிப் பாலத்தைக் கடந்து திரும்பும்போது நம்மை விடவில்லை. அன்புதான் என்று சொல்லிவிடலாம். ஆயினும், யாருக்குச் செய்கிறோமோ அவருடைய வாயைத் திறக்க விடாத அன்பு எத்தகையது? எரிகோவின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயு பார்வையற்றவர் என்பது அங்கே கூடியிருந்த அனைவருக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது என்ன என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அப்படியிருந்தும் ஆண்டவர் அவரை அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்ட பின்னரே குணமளித்தார். இப்பகுதியைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். விசுவாசத்தைப் பற்றியே பேசினோமேயன்றி, அந்தக் கேள்வியைப் பற்றி ஒருமுறையேனும் பேசியதாக நினைவில்லை.

கேளாமையின் கொடுமைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2012 பிப்ரவரியில், பெருமூளை வாதம் உடைய ஜீஜா கோஷ் என்னும் அம்மையார், கோவாவில் நடைபெறவிருந்த மாநாட்டுக்குச் செல்லக் கொல்கத்தாவில் விமானம் ஏறி இருக்கையில் அமர்ந்துவிட்டார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைப்பவர் அவர். அவருடைய உடலசைவையும் பேச்சையும் கண்டு, அவர் பறக்கத் தகுதியற்றவர் என முடிவு செய்து கீழே இறக்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 மே மாதம் அவருக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. பாடம் கற்றோமா என்றால் இல்லை. 2022 மே மாதம் ராஞ்சியில், மாற்றுத்திறனுடைய சிறுவன் ஒருவன் விமானத்தில் ஏற மறுக்கப்பட்டான். உடன் பயணம் செய்யவிருந்த மருத்துவர்கள் துணை நிற்பதாகக் கூறியும் பயனில்லை. அதன் பின்னரே, ஊனத்தைக் காரணம் காட்டி எவரையும் ஏற்ற மறுக்கலாகாது என்றும், உடல்நிலை குறித்து ஐயம் எழுந்தால் மருத்துவர் நேரில் பரிசோதித்துச் சொன்ன பிறகே முடிவெடுக்க வேண்டும் என்றும் விதி திருத்தப்பட்டது.

ஆக, விதி இருக்கிறது. பயணம் செய்வோரும் வாய் திறக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் மக்களுக்குக் கேட்பதில் ஒரு கூச்சம். பிச்சை கேட்பதுபோல் எண்ணிவிடுகிறார்கள். பயணச்சீட்டு வாங்கும்போதே தேவையைத் தெரிவித்துவிடுங்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக. மின்கல நாற்காலியானால் அது எவ்வகை மின்கலம் என்பதையும் சொல்லுங்கள். விமானத்தினுள் நடைவழி ஒடுங்கியது. அதில் செல்லத்தக்க குறுகிய நாற்காலி வேண்டுமானால் முன்னரே கேளுங்கள். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்பதையும் தூக்க வருபவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். வரிசையில் நிற்க மனமின்றிச் சக்கர நாற்காலி கேட்கும் நல்ல கால்களை உடைய அன்பர்களுக்கு ஒரு சொல்: 2024 பிப்ரவரியில் மும்பையில், கணவன் மனைவி இருவருக்கும் வேண்டியிருக்க ஒரே நாற்காலி கிடைத்தது. மனைவியை அமர்த்திவிட்டு நடந்து வந்த எண்பது வயதுப் பெரியவர் மயங்கி விழுந்து இறந்தார். பிறர் நாற்காலியில் சொகுசாக அமர்வது சிறு குற்றமன்று.

நம் திருச்சியின் புதிய விமான முனையம் 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டு, ஜூன் முதல் பயன்பாட்டில் உள்ளது. ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை நினைவூட்டும் முகப்பு அதற்கு. அதைக் காணும்போதெல்லாம் அவ்வூரோடு பிணைந்த திருப்பாணாழ்வார் வரலாறு நம் நினைவுக்கு வரும். காவிரியின் தென்கரையில் பாடி நின்ற பாணர், தம் குலத்தின் பொருட்டு அரங்கத்து மண்ணை மிதியாதவர். வழியை விட்டு விலகவில்லை என்று அவர்மீது கல்லெறிந்த உலோகசாரங்க முனிவரே, பின்னர் இறைவனின் ஆணைப்படி அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் சென்றார் என்பது வைணவ மரபு. தோளில் ஏறுமாறு முனிவர் வேண்டி நின்றார், பாணர் தயங்கினார் என்பர். அங்கே சுமப்பவர் கை கூப்பி நிற்கிறார். இசைவு தர வேண்டியவர் சுமக்கப்படுபவர். நம் கத்தோலிக்க அன்பர்கள் இந்தக் காட்சியைச் சற்று நேரம் எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

எண்ணிக்கொண்டே வந்தபோதுதான் நம் ஆலயத்து மூன்று படிகள் நினைவில் இடறின. ஞாயிறுதோறும் பங்கின் இளைஞர்கள் அதே ஆசிரியரை நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டு வருவார்கள். அவர்களைப் பலிபீடத்தருகே நின்று நாமே பாராட்டியிருக்கிறோம், அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுவாரம் மீண்டும் சென்று கேட்டோம். வெகு நேரம் பேசாதிருந்தவர், "பூசை தொடங்குவதற்கு முன், யாரும் வருமுன், நானாக உள்ளே வந்து சற்று நேரம் தனியாக இருக்க வேண்டும் சாமி. இருபது வருடமாக அது முடியவில்லை" என்றார். பிறகு கணக்காசிரியராகவே மாறித் தாளை எடுத்தார். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும். நம் படிகளின் உயரம் ஒன்றரை அடி. ஆகவே பதினெட்டு அடி. முன்வாசலில் அவ்வளவு நீளத்துக்குக் கொடிமரம் தடுக்கிறது. தெற்குப் பக்கக் கதவுதான் சரி என்று கோடு போட்டுத் தந்தார். அந்தத் தாளை இப்போது கொத்தனாரிடம் கொடுத்திருக்கிறோம்.